மாப்பிள்ளையை இரவல் கேட்டு மருதமுனைக்கு

கண்டியிலிருந்து அறுகம்பேக்குப் போகிறவர்கள் என்னிடம் வழி கேட்பதுண்டு. மகியங்கனை வழியா, மொனராகலை வழியா என்பதுதான் எப்போதும் கேள்வி. எந்த வழியில் போனாலும் சரி, கடலைக் கண்டதும் நேரே பொத்துவிலுக்கு ஓடிவிடாமல் கல்முனைப் பக்கம் ஒரு நாள் இறங்கிப் பாருங்கள் என்பேன். அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் இந்தக் கதையைத்தான் சொல்லவேண்டும். ஆளாளுக்கு வாயால் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதிவைக்கிறேன்.

நடந்தது 1995 மார்ச் தொடக்கத்தில், நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு. சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த சில மாதங்கள் அவை. அதற்கு முன்பு என்றால் கிழக்குப் பக்கம் பஸ் ஏறுகிறேன் என்று சொல்லவே என் வீட்டில் விட்டிருக்க மாட்டார்கள். எனக்கோ போயே ஆகவேண்டிய அவசரம் இருந்தது. அது புரிய வேண்டுமானால் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் ரக்பி ஆடினவன். அதிலும் செவன்ஸ் எனப்படும் எழுவர் ஆட்டம். பதினைந்து பேர் ஆடும் அதே மைதானத்தில் ஏழே பேர், பாதிக்கு ஏழு நிமிடம். ஏழு நிமிடம்தானா என்று சிரிப்பவர்களை ஒரு தடவை உள்ளே இறக்கிவிட வேண்டும், மூன்றாவது நிமிடத்தில் உம்மாவைக் கூப்பிடுவார்கள். ஆறு வருடம் நாட்டுக்காக ஆடினேன். ஹாங்காங்கில் பெரிய நாட்டுக்காரர்களிடம் உதை வாங்கியும் இருக்கிறேன், ஒன்றிரண்டு தடவை அவர்களைத் திணறடித்தும் இருக்கிறேன். கடைசியில் ஒரு சாதாரணக் கழக ஆட்டத்தில் ஒருவன் மேலே விழ, என் வலது முழங்கால் வளையக்கூடாத பக்கம் வளைந்தது. அத்தோடு சரி. இரண்டு வருடம் வங்கியில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். முடியவில்லை. வேலையை விட்டுவிட்டுக் கண்டியில் ஒரு சின்னக் கழகத்துக்குப் பயிற்றுநரானேன். என் வாப்பா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

முதல் பருவத்தில் ஏறக்குறைய எல்லா ஆட்டத்திலும் தோற்றோம். நான் செய்த ஒரே உருப்படியான காரியம் றமீஸைக் கண்டுபிடித்தது. நிந்தவூர்க்காரன், வயது இருபத்திரண்டு. கண்டியில் உறவினரின் புடைவைக் கடையில் வேலை. ஓடுகிற பஸ்ஸை அவன் துரத்திப் பிடித்ததைத்தான் முதலில் பார்த்தேன். பஸ்ஸைப் பிடித்தது பெரிதல்ல, வழியில் குறுக்கே வந்த நாலு பேரை ஒருவர் மேலும் படாமல் சுழித்துக்கொண்டு போனான் பாருங்கள், அதுதான் பெரிது. ஒரே வருடத்தில் அவனைத் தேசிய அணித் தெரிவுக்கு அழைத்தார்கள். கொழும்பில், சனிக்கிழமை காலையில். கழகத்தில் என்னை வைத்திருப்பதா அனுப்புவதா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள் இந்தச் செய்தியைக் கேட்டதும் தேநீர் வாங்கிக் கொடுத்தார்கள்.

அந்தத் தேநீரின் சூடு ஆறுவதற்குள் புடைவைக் கடைக்குத் தகவல் வந்தது. பெருநாளுக்கு ஊருக்குப் போன றமீஸுக்குக் காவின் எழுதியாகிவிட்டது, அதாவது நிக்காஹ் முடிந்துவிட்டது, இனி அவன் வரமாட்டான். வேறு விளக்கம் இல்லை. அவன் வராவிட்டால் அவனுக்குத் தெரிவு போய்விடும், எனக்கு வேலை போய்விடும். வியாழக்கிழமை அதிகாலையில் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் நின்றேன்.

ஐந்தரை மணிக்கு அம்பாறை பஸ். கட்டணம் அறுபது ரூபாய்க்குக் கிட்ட என்று நினைவு. மகியங்கனை வரை எழுபத்தைந்து கிலோமீட்டர், அதில் பதினெட்டு வளைவு இறக்கம் இருக்கிறதே, அதற்கு முன்னால் எதுவும் சாப்பிடாதீர்கள். நான் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டு ஏறி, மூன்றாவது வளைவிலேயே வருந்தினேன். மகாஓயாவைத் தாண்டியதும் ஒரு சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். என் பையில் ரக்பிப் பந்து ஒன்று இருந்தது. சிப்பாய் அதை அமுக்கிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், காற்றைத் திறந்துவிடச் சொன்னார். என்னிடம் பம்ப் இல்லை. அதன் பிறகு பயணம் முழுவதும் அந்தப் பந்து பையில் கருவாடு மாதிரி கிடந்தது.

அம்பாறையில் பஸ் மாறி, சம்மாந்துறை வழியாகக் காரைதீவுச் சந்திக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். இருபுறமும் வயல். வெள்ளாமை வெட்டு நடந்துகொண்டிருந்தது. மலைநாட்டில் பிறந்தவனுக்கு அவ்வளவு தட்டையான நிலத்தைப் பார்த்தால் கண்ணுக்குப் பிடிமானமே கிடைக்காது. சந்தியில் கடலைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் கல்முனை, வலப்பக்கம் நிந்தவூர். நான் வலப்பக்கம் திரும்பினேன். பிழை அங்கேதான் தொடங்கியது, ஆனால் அது அடுத்த நாள்தான் தெரிந்தது.

நிந்தவூரில் றமீஸின் வாப்பா உதுமாலெவ்வையைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. ஊருக்கு மேற்கே வயலில் சூடு அடித்து நெல்லைப் பிரித்துக்கொண்டிருந்தார். கதிர்க்கட்டுகளின் மேல் உழவு இயந்திரம் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது, அதன் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் நான் விசயத்தைச் சொன்னேன். றமீஸின் கால் எப்படிப்பட்ட கால், நாட்டின் உடுப்பைப் போடுவதென்றால் என்ன, ஹாங்காங் எங்கே இருக்கிறது என்று எல்லாம் அளந்தேன். என் கண்டித் தமிழைக் கேட்டு இயந்திரக்காரர் சிரித்தது வேறு கதை. உதுமாலெவ்வை துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

“எனக்கு ஒரு மறுப்பும் இல்ல, தம்பி. நல்லாப் போகட்டும்” என்றார்.

இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அங்கேயே அவரைக் கட்டிப்பிடித்தேன். றமீஸ் மருதமுனையில் பெண் வீட்டில் இருக்கிறானென்றும், காலையில் வரச் சொல்லி ஆள் அனுப்புகிறேனென்றும் சொன்னார். அன்றிரவு அவர் வீட்டில் மீன் ஆணம் என்ற குழம்பும் எருமைத் தயிரும் வயிறு முட்டச் சாப்பிட்டேன். கட்டாப் பாரை மீன். தயிரைக் கத்தியால் வெட்டலாம் போல இருந்தது. பயணத்தில் நிம்மதியாகத் தூங்குவது என் வழக்கமில்லை, அன்றைக்குத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு றமீஸ் வந்தான். சைக்கிளில் வந்தான், தனியாக வந்தான், பை இல்லாமல் வந்தான். புது மாப்பிள்ளைக்கு உரிய வெள்ளைச் சட்டை, கையில் மருதாணி. என் முகத்தைப் பார்க்கவில்லை. பை எங்கே என்று கேட்டேன்.

“சேர், வாப்பாட்டக் கேட்டு என்ன செய்ற? மாமிட்ட ஒரு வார்த்தை கேக்கல்லியே” என்றான்.

பிழை எங்கே என்று அப்போதுதான் விளங்கியது. கண்டியில் நாங்கள் எந்த விசயமானாலும் பையனின் வாப்பாவிடம் போவோம். அவர் சரி என்றால் சரி. இந்தக் கரையோரத்தில் அப்படியில்லை. இங்கே கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகிறான். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது உம்மா வழி. அந்த வீட்டுக்குள் கால் வைத்த நாளிலிருந்து அவன் அந்த வீட்டு ஆள். பெற்ற வாப்பா இனி அங்கே விருந்தாளி, அவ்வளவுதான். இது கரையிலுள்ள சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. ஆறு வருடம் உலகம் சுற்றிய எனக்குத்தான் தெரியவில்லை.

உதுமாலெவ்வையிடம் திரும்பி, இதை நேற்றே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். கொஞ்சம் காரமாகத்தான் கேட்டேன். அவர் அசையவில்லை.

“நீங்க எனக்கு மறுப்பிரிக்கா எண்டு கேட்டீங்க. இல்ல எண்டு செல்லிட்டன். அந்த ஊட்டுக்கு மறுப்பிரிக்கா எண்டு நீங்க கேக்கல்லியே, தம்பி.”

அவர் சொன்னது நியாயம்தான். அதைவிடப் பெரிய கேடு ஒன்றும் இருந்தது. கண்டியிலிருந்து ஒருவன் வந்து மாப்பிள்ளையை வாப்பாவிடம் கேட்டுவிட்டான், பெண் வீட்டை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை என்ற செய்தி, ஆள் அனுப்பியபோதே மருதமுனைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. றமீஸின் மாமி, அதாவது பெண்ணின் உம்மா, ஹவ்வா உம்மா இரவு முழுவதும் ஒருவரோடும் கதைக்கவில்லையாம். நாளை காலை பத்து மணிக்கு அவன் கொழும்பு மைதானத்தில் நிற்க வேண்டும். அம்பாறையிலிருந்து கடைசியாகப் புறப்படும் கண்டி பஸ் பிற்பகல் ஒன்றரைக்கு.

றமீஸ் சைக்கிளில் முன்னால் போக, உதுமாலெவ்வை சூடு அடிப்பதை இயந்திரக்காரரிடம் விட்டுவிட்டு என்னோடு கிளம்பினார். அதற்கு நான் அவரை மறக்க மாட்டேன். கல்முனைச் சந்தையில் இறங்கி என்னைத் தோடம்பழமும் ஒரு டின் பிஸ்கட்டும் வாங்க வைத்தார். வெறுங்கையோடு போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான் என்றார். நிந்தவூரிலிருந்து மருதமுனைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இடையில் காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, பாண்டிருப்பு என்று ஊர்கள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து கிடக்கும். ஒரு ஊர் முடிந்து அடுத்தது தொடங்குவது கோயிலும் பள்ளிவாசலும் மாறி மாறி வருவதில்தான் தெரியும். வேறொரு நாளானால் ரசித்திருப்பேன். அன்றைக்கு மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருதமுனையில் எந்த ஒழுங்கைக்குள் நுழைந்தாலும் தறிச் சத்தம். ஹவ்வா உம்மாவின் வீட்டுக்குப் பின்னால் நீளமான கொட்டிலில் எட்டோ பத்தோ தறிகள் ஓடின. எல்லாம் அவர் பொறுப்பு. நூல் வாங்குவதும் இடுப்பில் கட்டும் சாரம் நெய்வித்து விற்பதும் அவர்தான். அந்த வருமானத்தில் மகளுக்கு எழுப்பிய வீடு முன்னால் இருந்தது, சுவருக்கு இன்னும் வர்ணம் அடிக்கவில்லை. றமீஸின் மாமனார் எங்களை உட்காரவைத்தார். உதுமாலெவ்வை கதிரையின் நுனியில் உட்கார்ந்தார், பெற்ற மகன் இருக்கும் வீடு என்று சொன்னால் நம்ப முடியாது. ஒரு தறியின் சத்தம் நின்றது. கொஞ்சம் கழித்து உள் அறைக் கதவின் திரைச்சீலை அசைந்தது. ஹவ்வா உம்மா அதன் பின்னால் வந்து நிற்கிறார் என்று தெரிந்துகொண்டேன். வெளி ஆண்களுக்கு முன்னால் அவர் வருவதில்லை, கதை எல்லாம் திரைக்குள்ளிருந்துதான்.

“கண்டியில இருந்து மருதமுனைக்கு வாறவர் நிந்தவூரால சுத்தி வந்தாராம்” என்றது திரை.

வழக்கம் தெரியாமல் நடந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்றேன். தெரிந்திருந்தாலும் அங்கேதான் போயிருப்பீர்கள், ஆம்பிளைகளோடு கதைப்பது லேசு அல்லவா என்று பதில் வந்தது. மாமனார் இருமினார். நான் தோடம்பழப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு என் பாடத்தை மறுபடி தொடங்கினேன். தேசிய அணி, ஹாங்காங், நாட்டின் பெயர். திரை அசையவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் ஒரே ஒரு கேள்வி வந்தது. அவ்வளவு நல்ல விளையாட்டு என்றால் நீங்கள் ஏன் விட்டீர்கள்?

வயதாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது முப்பத்துமூன்று, நம்பியிருப்பார்கள். ஆனால் பக்கத்தில் றமீஸ் நின்றான், அவனுக்கு உண்மை தெரியும். முழங்கால் போய்விட்டது என்றேன்.

“காட்டச் செல்லுங்க” என்றார் ஹவ்வா உம்மா, தன் கணவரிடம்.

அந்த வீட்டு மண்டபத்தில், பழப்பையும் பிஸ்கட் டின்னும் சாட்சியாக, காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினேன். மாமனார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். இரண்டு பக்கமும் தைத்த அடையாளம் இருக்கிறது என்று திரைக்கு அறிவித்தார். நடக்கச் சொல்லுங்கள் என்று உத்தரவு. நடந்தேன். மண்டபம் முழுவதும் போய் வந்தேன். காரியம் கெட்டது என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது. இன்னும் வர்ணம் அடிக்காத வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையின் காலை, இப்படி ஒரு காலைக் காட்டிக் கேட்டால் எந்தத் தாய் கொடுப்பாள்?

“ஓடச் செல்லுங்க.”

இங்கே ஒரு விசயத்தைச் சொல்ல வேண்டும். காயம் பட்ட நாளிலிருந்து நான் ஓடியதே இல்லை. வைத்தியர் ஓடலாம் என்று எப்போதோ சொல்லிவிட்டார். எனக்குத்தான் பயம். பயிற்சியில் விசிலை ஊதிக் கையைக் காட்டியே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த எலும்பு விலகிய சத்தம் என் காதைவிட்டுப் போகவில்லை. இதெல்லாம் திரைக்கு எப்படித் தெரியும்?

ஒழுங்கையில் இறங்கினேன். மணல். இரண்டு பக்கமும் வேலிக்கு மேலால் தலைகள். மின்கம்பம் வரைக்கும் என்று மாமனார் கையைக் காட்டினார். முதல் பத்து அடி கால் கண்ணாடியால் செய்தது மாதிரி வைத்து வைத்து ஓடினேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டி வைத்தேன். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. கம்பத்தைத் தொட்டுத் திரும்பும்போது வலது காலில்தான் பாரம் விழ வேண்டும், வேறு வழியில்லை. கண்ணை இறுக்கிக்கொண்டு திரும்பினேன். கால் நின்றது. திரும்பி வரும்போது எனக்கு அழுகையா சிரிப்பா என்று எனக்கே விளங்கவில்லை. மூச்சு முட்டி வாசலில் வந்து நின்றேன்.

ஹவ்வா உம்மா முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு யன்னலடியில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். என்னிடம் அல்ல, கணவரிடம்தான் சொன்னார்.

“பயந்து பயந்து ஓடுறார். நோவு தெரிஞ்சவர், மத்தவன்ட காலையும் பார்த்துக்குவார். இவர்ட குடுக்கலாம்.”

ஹாங்காங்கும் நாட்டின் பெயரும் செய்யாத வேலையை என் பயம் செய்தது. மகளிடம் பையை எடுத்து வரச் சொன்னார். அந்தப் பிள்ளை உள்ளே போன வேகத்திலேயே பையோடு வந்தது, முதல் நாளே அடுக்கி வைத்திருக்கிறாள். றமீஸ் கூரையைப் பார்த்தான். புறப்படும்போது ஹவ்வா உம்மா ஒன்றை மட்டும் என்னிடம் நேராகச் சொன்னார். கூட்டிக்கொண்டு போகிற நீங்கள்தான் கூட்டி வரவும் வேண்டும், இந்த வாசலுக்கு.

கல்முனையில் ஓட்டோ பிடித்தோம். அம்பாறைக்கு எவ்வளவு என்று கேட்டதற்கு ஓட்டுநர் எங்கள் முகத்தைப் பார்த்து விலை சொன்னார், பேரம் பேச நேரமில்லை. ஒன்றரை மணி பஸ் புறப்பட்டு நகர்ந்துகொண்டிருந்தது. றமீஸ் இறங்கி ஓடி அதைப் பிடித்து நிறுத்தினான். பதினெட்டு வளைவு ஏறும்வரை அடக்கிவைத்திருந்து, பிறகுதான் சொன்னான், “சேர், நீங்க ஓடினது முட்டைக்கோழி ஓடின மாதிரி.” இருவரும் சிரித்ததில் முன் ஆசனக்காரர் எழும்பிவிட்டார்.

இனிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மார்ச் மாதம் நல்லது, மழை விட்டிருக்கும், வெட்டு முடிந்த வயலில் கொக்குகள் நிறைந்திருக்கும். வெள்ளிக்கிழமை நடுப்பகலில் கடைகள் பூட்டிவிடும், சாப்பாட்டை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். நிந்தவூரில் தயிர், மருதமுனையில் சாரம், இரண்டையும் விடாதீர்கள். இப்போது ஏசி பஸ் ஓடுகிறது, சாவடிகள் இல்லை, நான் சொன்ன கட்டணங்களை வைத்துக்கொண்டு நடத்துநரோடு சண்டைக்குப் போக வேண்டாம். யார் வீட்டுக்காவது ஏதாவது கேட்டுப் போவதானால், முதலில் எந்த வீட்டில் கேட்க வேண்டும் என்று விசாரியுங்கள். அதன் பிறகு இருபது வருடம் பயிற்றுநராக இருந்தேன். எத்தனையோ பேரை அணிக்கு எடுத்திருக்கிறேன், அந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒருவன் பெயரையும் எழுதியதில்லை.

றமீஸ் தெரிவில் எடுபட்டான். வெளிநாட்டில் இரண்டு ஆட்டத்தில் இறங்கினான், இரண்டிலும் தோற்றோம், ஒன்றில் அவன் மைதானத்தின் பாதியை ஓடிக் கடந்து பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்தான். நான் கண்டியில் வானொலிக்குப் பக்கத்தில் இருந்தேன். அவன் பெயர் சொன்னபோது சந்தோசப்பட்டேன். ஆனால் ஆட்டம் முடிந்து ஒருவருக்கும் காயமில்லை என்று சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஏப்ரல் தொடக்கத்தில் அதே பஸ்ஸில் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். இந்தத் தடவை காரைதீவுச் சந்தியில் இடப்பக்கம் திரும்பினோம். வீட்டுக்கு வர்ணம் அடித்திருந்தார்கள், இளம் பச்சை. ஹவ்வா உம்மா திரைக்குள் போகவில்லை, வாசலுக்கு வந்தார். றமீஸை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். நானும் பார்த்தேன், பஸ்ஸில் வரும்போது பத்துத் தடவை பார்த்த கால்தான். “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். என்னை உள்ளே வரச் சொல்லி, சாப்பிடாமல் போகக்கூடாது என்றார்.

சில கிழமைகளில் சமாதானப் பேச்சு முறிந்தது, பாதை மறுபடி இறுகியது, அந்தப் பக்கம் போக எனக்கு வருடக்கணக்கானது. ஆடிய காலத்தில் வென்றுவிட்டு வந்த இரவுகள் எனக்கும் உண்டு. ஆளை எடுத்த இடத்தில் முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, தனியாகக் கண்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேனே, அந்த மத்தியானத்தின் நிம்மதியை எந்த வெற்றியும் எனக்குக் கொடுத்ததில்லை.